அவுக சேவிச்சுக்கிட்டிருக்காக

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. முகம் முழுவதும் நுரை. மேலுதட்டை இழுத்துப் பிடித்தபடி மூக்குக்குக் கீழே ரேஸரை இறக்கிக்கொண்டிருந்தேன். சவரத்தில் இதைவிட ஆபத்தான கட்டம் கிடையாது. அப்போது பார்த்துப் போன் அடித்தது.

என் மனைவி ருக்மணி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, என் காதருகே நீட்டினாள்.

“மதினி, வடகரையிலேருந்து செண்பகம் பேசுதேன். அண்ணாச்சி இருக்காகளா?”

“இருக்காக. காது கேக்கும். வாயைத்தான் தொறக்க முடியாது. நீ சொல்லு.”

செண்பகம் என் நண்பர் நம்பியின் மனைவி. இரண்டு மாதங்களுக்கு முன் நம்பிக்கு லேசான பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சொந்த ஊரான வடகரைக்கே திரும்பியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அதன்பின் போகவில்லை. போக வேண்டும், போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்... எல்லோருக்கும் அப்படி ஒரு வீடு இருக்கத்தானே செய்கிறது?

“அண்ணாச்சி, அவுகளுக்குச் சேவிக்க முடியல. ஆரம்பிக்காக, பாதியில நின்னுருது. திரும்ப ஆரம்பிக்காக, திரும்ப நிக்கி. கண்ணு கலங்கிருது. யாரையும் கிட்ட விட மாட்டேங்காக. நீங்க ஒரு நடை வந்து கூட உக்காந்தா நடக்கும்னு தோணுது.”

நான் நுரையோடு தலையாட்டினேன். போனுக்குத் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? ருக்மணிதான் சொன்னாள். “வருவாக செண்பகம். இன்னைக்கே வருவாக.”

நம்பியை நினைத்து வருந்தினேன். கூடவே இன்னொன்றும் நடந்தது; அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லேசாக ஓர் உற்சாகம் தலைகாட்டியது. நண்பர் முகம் மழிக்க இயலாமல் தவிக்கிறார். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என்னை அழைக்கிறார். என்னிடம் பதினேழு ரேஸர்கள் இருக்கின்றன அல்லவா?

பதினேழு எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு முகத்துக்கு ஒன்று போதாதா? போதும். ஒரு வாய்க்கு ஒரு பாசுரம் போதும் என்று யாராவது நிறுத்திக்கொள்கிறோமா?

பணி ஓய்வு பெற்ற வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணில் அப்பாவின் பித்தளைச் சம்புடம் கிடைத்தது. உள்ளே மூன்று பாகங்களாகக் கழலும் பழைய சேஃப்டி ரேஸர், ஒரு படிகாரக் கட்டி, மெழுகுத்தாளில் சுற்றிய ஒரே ஒரு பிளேடு. மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றடியில் நின்று முகம் வழிப்பார். ஜன்னல் கம்பியில் கண்ணாடி தொங்கும். பிளேடு மழுங்கிவிட்டால் உடனே தூக்கி எறிந்துவிட மாட்டார். கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் அதை வைத்து, ஒரு விரலால் அழுத்தி, இப்படியும் அப்படியும் தேய்ப்பார். கீச் கீச்சென்று ஒரு சத்தம் எழும். அந்த வீட்டில் ஞாயிறு விடிந்ததற்கு அதுதான் அடையாளம். அப்படியும் கூர் வராத பிளேடு அம்மாவின் தையல் பெட்டிக்கும், பிறகு என் பென்சில் டப்பாவுக்கும் வந்து சேரும்.

முகம் வழிக்கும்போது அப்பாவின் வாய் பாசுரத்தை முணுமுணுத்தபடி இருக்கும். “குளிக்கறதுக்கு முன்னால சொல்லலாமா?” என்று அம்மா கேட்பாள். “மனசு குளிச்சாச்சு” என்பார்.

இதில் ஒரு விபரீதம் நேர்ந்தது. மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ‘ப’வும் ‘ம’வும் சொல்ல முடியுமா? உதடு ஒட்டாதே. ‘பெருமாள்’ என்பது ‘ஹெருஹாள்’ என்றுதான் வரும். பக்கத்தில் நின்று காதால் கேட்டே பாடம் பண்ணிய நான், நாலைந்து பாசுரங்களை அப்படியே கற்றுக்கொண்டேன்! பெரியவனாகிக் கோயிலில் சேவிக்க உட்கார்ந்த முதல் நாள், எதிரே இருந்தவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். முடிந்ததும் அருகில் வந்து கேட்டார்: “என்னவே, பல்வலியா?”

அவர்தான் நம்பி.

அப்பாவின் ரேஸரை நான் பாடுபடுத்தியதையும் சொல்ல வேண்டும். பித்தளை என்று கண்டதும், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். மேலே இருந்த வெள்ளைப் பூச்சு உரிந்து, ரேஸர் பொன்னிறமாகப் பளபளத்தது. பெருமையாக அதைப் படமெடுத்து, பழைய ரேஸர் சேகரிப்பவர்களுக்கென்றே உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பூச்சோடு ரேஸரின் மதிப்பும் போயிற்றே என்று மதுரையிலும் பெங்களூரிலும் இருக்கும் அன்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். அதுதான் எனக்குப் புகுமுகம்.

பிறகு செங்கோட்டையில் பழைய சாமான் வியாபாரி ஒருவர் பழக்கமானார். மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து அவருக்குச் சரக்கு வரும். “சாரே, இது எஸ்டேட் சாயிப்பு உபயோகிச்சது” என்று அவர் சொல்லாத ரேஸரே கிடையாது. அத்தனை துரைமாருக்கும் தாடி முளைத்திருக்குமா என்று நான் கேட்டதில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பிரஷ் வந்த அன்று வீட்டில் ஒரு விசாரணை நடந்தது.

“இது என்ன முடி?” என்றாள் ருக்மணி.

நல்ல பிரஷ் பன்றி முடியில் செய்வது. அதை எப்படிச் சொல்வது? யோசித்து, “வராகம்” என்றேன்.

“அப்போ பூஜை ரூம்ல வைங்க.”

பிரஷ் பாத்ரூம் அலமாரிக்குப் போயிற்று.

அடுத்து, தண்ணீர். தென்காசியில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். குற்றாலத்து நீரோ விரல் பட்டாலே நுரை கட்டும். ஆகவே வாரத்துக்கு ஒரு கேன் பிடித்து வரத் தொடங்கினேன். “ஊரெல்லாம் அங்கன போயிக் குளிக்கி. இவுக மோவாய் நனைக்கத் தண்ணி சுமந்துட்டு வாராக” என்றாள் ருக்மணி. சீசன் கூட்டத்தில், எண்ணெய் தேய்த்து நிற்பவர்கள் நடுவே கேனோடு நிற்பதற்கும் ஒரு வைராக்கியம் வேண்டும் என்பதை அவள் அறியாள்.

இப்படியாக என் சவரம் ஒரு திருமஞ்சனம் போல வளர்ந்தது. செவ்வாயும் வெள்ளியும் கத்தி தொடுவதில்லை. திங்களும் புதனும் சாதாரணம். ஞாயிறுதான் விசேஷம். பிரஷ் வெந்நீரில் ஊற இரண்டு பாசுரம். கிண்ணத்தில் நுரை கடைய நான்கு. கன்னத்தில் பூச மூன்று. கடிகாரம் எதற்கு? பிறகு, முடி வளரும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை. குளிர்ந்த நீர். படிகாரம். முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

இங்கேதான் இடறல் நேர்ந்தது.

எங்கள் பெருமாள் கோயிலில் ஞாயிறு காலைதோறும் பாசுரம் சேவிக்கும் கோஷ்டி ஒன்று உண்டு. பாசுரம் ஓதுவதை எங்கள் வழக்கத்தில் சேவித்தல் என்போம். உத்தியோகத்தில் இருந்தவர்கள் சேர்ந்து, லீவு நாள் பார்த்து ஆரம்பித்தது. எதிரெதிராக இரண்டு வரிசை. முன்னிரண்டு அடிகளை எங்கள் வரிசை சொல்லும். பின்னிரண்டு அடிகளை எதிர்வரிசை சொல்லும். முப்பது வருடங்களுக்கு மேல் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் நம்பி. வடகரையிலிருந்து முதல் பஸ் பிடித்து, நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் வந்துவிடுவார். என் முன்னடி முடிகிற இடத்தில் அவர் மூச்சு ஆரம்பிக்கும். நடுவில் ஊசி நுழைய இடமிராது.

அந்த கோஷ்டிக்கு நான் முதலில் தாமதமாகப் போனேன். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போனேன். பிறகு, இரண்டு வருடமாக... போகவில்லை. நுரை இறங்குவதற்குள் எப்படிக் கிளம்புவது?

கோயிலிலிருந்து போன் வரும். ருக்மணி எடுப்பாள். ஷேவ் என்பது எங்கள் பக்கத்து நாக்கில் ‘சேவ்’ ஆகிவிடும். அதை அவள் இன்னும் கொஞ்சம் நீட்டி, என்னைக் குத்திக் காட்டவென்றே ஒரு சொல்லைச் செய்துவைத்திருந்தாள்.

“அவுக சேவிச்சுக்கிட்டிருக்காக.”

மறுமுனையில் குரல் மரியாதையாகத் தாழும். “சரி சரி, வீட்டிலேயே சேவிக்காகளா? நல்லது. தொந்தரவு பண்ண வேண்டாம்.”

அது தவறான அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் திருத்தினேனா? திருத்தவில்லை. பொய் சொல்லாமலே பொய்யின் பலனை அனுபவிக்க இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

ஆனால் எந்தச் சொல்லைத் திருத்தாமல் விட்டேனோ, அது என் காதையே கெடுத்துவிட்டது. செண்பகம் அன்று ‘சேவிக்க முடியல’ என்றபோது, பாசுரத்தோடு நரை கண்ட என் காதில் விழுந்தது — சவரம்!

பையில் எல்லாம் எடுத்து வைத்தேன். பக்கவாதம் வந்த முகம். சுரணை குறைவாக இருக்கும். ஆகவே பதினேழில் மிகவும் சாதுவான ரேஸர். மிருதுவான பிரஷ். படிகாரம். துண்டு. கேன் நிறையக் குற்றாலத் தண்ணீர். எடுக்காமல் விட்ட ஒரே பொருள், பாசுரப் புத்தகம்.

வடகரையில் இறங்கும்போது சாரல். இருபுறமும் நெல்லும் தென்னையும் நனைந்துகொண்டிருந்தன. வாய்க்கால் நிறைய நீர் ஓடும் ஊருக்குக் கேனில் தண்ணீர் கொண்டுபோகிறவனைக் கண்டக்டர் ஒருமாதிரியாகப் பார்த்தார்.

செண்பகமும் அப்படித்தான் பார்த்தாள். “என்ன அண்ணாச்சி, எங்க வீட்ல தண்ணி இல்லைன்னு யாரும் சொன்னாகளா?”

“நுரைக்கும்மா” என்று சொல்லியபடி ஸ்டூலின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன்.

நம்பி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. முகம்... மழித்திருந்தது.

“சேவிக்க முடியலன்னு சொன்னியே?” என்றேன்.

செண்பகம் பிரஷைப் பார்த்தாள். ரேஸரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ அண்ணாச்சி... நான் சொன்னது பாசுரம். முகத்துக்கு மகன் பேட்டரி மெஷின் வாங்கி அனுப்பிருக்கான். இடது கையாலேயே ஓட்டிக்கிடுதாக.”

நம்பியின் உதட்டின் ஓர் ஓரம் மட்டும் மேலே ஏறியது. என் நிலையோ சொல்லத் தரமன்று.

சிரிப்பு அடங்கியதும் செண்பகத்தின் குரல் மாறிவிட்டது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சோறு, தண்ணீர், பேரன் பெயர் எல்லாம் தட்டுத் தடுமாறி வருகின்றன. ஆனால் தினமும் குளித்துவிட்டுச் சேவிக்க உட்கார்ந்தால், முதல் சொல் வரும்; அதற்குமேல் நின்றுவிடும். ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். இடக்கையால் கோணல் மாணலாக எழுதிய ஒரே சொல்: ‘போயிற்று’.

“பெருமாளே திரும்ப எடுத்துக்கிட்டாருன்னு நினைக்காக அண்ணாச்சி. மருந்து மாத்திரையக்கூடத் தள்ளி விடுதாக. இதுவும் போன பொறவு எதுக்குன்னு கேக்குத மாதிரி பாக்காக.”

அந்த வீட்டுப் புத்தகத்தையே வாங்கிப் பிரித்தேன். நம்பிக்கு மனப்பாடமான ஒரு பாசுரத்தை, நான்கு அடிகளையும், குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். “எங்க, நீரு சொல்லும்வே.”

அவர் வாயைத் திறந்தார். முதல் சொல். அவ்வளவுதான். இடக்கையால் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். மறுபடியும் சொன்னேன், இன்னும் மெதுவாக. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முப்பது வருடம் எதிரே அமர்ந்தவருக்கு நான் வாத்தியாராகிவிட்டேன். அந்த அவமானத்தை அவர் பிடரி சொல்லிற்று.

புத்தகத்தை மூடினேன்.

செண்பகம்தான், “கொண்டு வந்தது வந்தாச்சு. நுரையாவது போடுங்க. மெஷின் சரியா இழுக்கல, அங்கங்க சொரசொரன்னு நிக்கி” என்றாள். நம்பி திரும்பிப் பார்த்தார். கேனைப் பார்த்தார். மோவாயை மெல்ல உயர்த்தினார்.

கிண்ணத்தில் நுரை கடைந்தேன். குற்றாலத்து நீர் ஏமாற்றவில்லை. வெண்ணெய் போலத் திரண்டது. கன்னத்தில் பூசினேன். ரேஸரை வைத்தேன். என் நாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. நுரை வாசனை பட்டால் அது தானாகவே அசையும். முன்னிரண்டு அடிகளை முணுமுணுத்தபடி, கன்னத்தில் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. பிறகு வாயை மூடிக்கொண்டு, ரேஸரை நீரில் அலசினேன். வீட்டிலும் அப்படித்தான் செய்வேன். முப்பது வருடம் முன்னடி மட்டுமே சொன்ன வாய். பின்னடி வரவேண்டிய இடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த இடைவெளியில்தான் இத்தனை நாளும் ரேஸரை அலசிக்கொண்டிருந்தேன்.

அலசும் சத்தத்துக்கு மேல் வேறொரு சத்தம் கேட்டது.

நாற்காலியிலிருந்து, நுரைக்குள்ளிருந்து, பின்னிரண்டு அடிகள் வந்தன. குழறலாக, ஆனால் முழுமையாக. ஒரு சொல் விட்டுப்போகவில்லை.

என் கை நின்றுவிட்டது. செண்பகம் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லாதே என்று கண்ணால் காட்டினேன். அடுத்த பாசுரத்தின் முன்னடியைச் சொன்னேன். ஓர் இழுப்பு. அலசல். பின்னடி வந்தது. அடுத்தது. வந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் நான்கு அடிகளையும் சொல்லிவிட்டேன். அவருக்கென்று இடமே வைக்கவில்லை. தனியே உட்கார்ந்து முதலடியிலிருந்து ஆரம்பித்தபோது அவருக்கு வராததும் அதனால்தான். முதலடி அவர் பங்கே அன்று. அது என் பங்கு! என் பங்கைச் சொல்ல ஆள் வராமல், அவர் பங்கு உள்ளேயே காத்துக் கிடந்திருக்கிறது.

பத்துப் பாசுரங்கள் முடிய, முகமும் முடிந்தது. நுரை அத்தனையும் வழித்தாகிவிட்டது. ஆனாலும் கன்னம் ஈரமாகவே இருந்தது. அது குற்றாலத் தண்ணீரன்று.

படிகாரம் தடவும்போது நம்பி என் மணிக்கட்டைப் பிடித்தார். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

“வீட்டுல... சேவிக்கீராம்லா. சொன்னாக. எதிர்... எதிர்ப்பக்கம்... யாருவே?”

கேலியா, கேள்வியா? அவர் கண்களில் கேலி இல்லை. அவர் அதை நம்பியிருக்கிறார். எனக்கு வேறு கோஷ்டி கிடைத்துவிட்டது என்று நினைத்து, இரண்டு வருடம் வெறும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்து சேவித்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார்.

வேறு எதைச் சொன்னாலும் பாபம். “கண்ணாடிவே” என்றேன். “நான் சேவிச்சதெல்லாம் இந்தச் சேவிப்புதான்.” ரேஸரைத் தூக்கிக் காட்டினேன்.

அவருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் தேவலை. உதட்டின் அந்த ஓரம் மறுபடி மேலே ஏறியது.

“கண்ணாடி... வாயசைக்கும். பின்னடி... சொல்லாதுவே.”

இப்போது ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் நான் வடகரைக்குப் போகிறேன். இத்தனை வருடம் அவர் வந்த வழி, எதிர்த்திசையில். நம்பி மாத்திரையைத் தள்ளுவதில்லையாம். முதலடியும் ஒருநாள் வரும் என்று செண்பகம் நம்புகிறாள். வராவிட்டால்தான் என்ன? அதற்கு நான் இருக்கிறேன். கோயிலிலிருந்து போன் வந்தால் ருக்மணி, “அவுக சேவிக்கப் போயிருக்காக” என்கிறாள். சொல்லுக்குப் பழைய மானம் திரும்பிவிட்டது.

பதினேழு ரேஸர்களும் அலமாரியில் ஓய்வெடுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சவரம் போர் தண்ணீரில், ஆறே நிமிடம். அவசரத்தில் எங்காவது விட்டுப்போகிறது. போன வாரம் எதிரே உட்கார்ந்ததும் நம்பி என் தாடையின் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடக்கை விரலால் சுட்டினார்.

“என்னவே... பாதிதான் சேவிச்சிருக்கீரு?”

“பாதிதாம்வே என் பங்கு” என்றேன். “மீதி உம்மது.”